நூலகக் குழுவில் யார் உட்காருகிறார்கள்? அரசுத் தாள் நம் ஊர் மேசைக்கு வருவது அதைப் பொறுத்துத்தான் – கொடைக்கானல் மலை விவாத இழை

கீழ்மலைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் வீட்டு வரி கட்டினேன். ரசீதில் வரி 440 ரூபாய், அதற்குக் கீழே நூலக வரி 44 ரூபாய். ரூபாய்க்கு 10 பைசா கணக்கு. இந்தப் பணம் எங்கே போகிறது, அதை யார் கூடி உட்கார்ந்து செலவு செய்கிறார்கள் என்று ஊரில் பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

போகிற இடம் மாவட்ட நூலக ஆணைக்குழு. 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் அதை உண்டாக்கியது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருஷம் விடாமல் முயன்றதன் பலன். நாடு விடுதலையான பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு நூலகக் குழு, மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு, செலவுக்கு மக்களிடமே ஒரு வரி. ஆகவே நம் ஊர் நூலகம் யாரோ போட்ட தானம் இல்லை, நாம் காசு கட்டி நடத்துவது.

நாவலைப் பற்றியோ போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் பற்றியோ நான் பேச வரவில்லை. அரசுத் தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டியல், அறிவிப்பு, அரசாணை, ஊராட்சிக் கணக்கு. இதெல்லாம் நம் கைக்கு எப்படி வருகிறது?

2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்கள் முறிந்தன, மலைவாழை மொத்தமும் படுத்துவிட்டது. ஒன்பது நாள் கரண்ட் இல்லை. சேதக் கணக்கெடுக்க வந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். பட்டியல் ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து அந்தச் சுவருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பெயர் விட்டுப்போனவர்கள் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று தாளின் அடியில் ஒரு வரி. நான் அதைப் பார்த்தது பதினோராம் நாள். மஞ்சு இறங்கி இறங்கி நனைந்து, தாளின் ஒரு மூலை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பெயர் இல்லை. எங்கள் ஊரில் மட்டும் 23 வீடு விட்டுப்போயிருந்தது.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. விதிப்படி தகவல் வெளியிடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பதினோரு நாளும் எங்கள் கிளை நூலகம் திறந்திருந்தது. நூலகர் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து உட்கார்ந்திருந்தார். பேப்பர் மேசைக்குத் தினமும் நாற்பது பேராவது வந்து போனோம். அந்தப் பட்டியலின் ஒரு நகல் அந்த மேசைக்கு வந்திருந்தால் போதும்.

கிளை நூலகத்துக்குத் துணையாக வாசகர்கள் சேர்ந்து நடத்துகிற குழுதான் வாசகர் வட்டம். 2019-இல் அதன் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தீர்மானம் போட்டு, ஓர் அலமாரியின் இரண்டு தட்டை அரசுத் தாளுக்கு ஒதுக்கினோம். கிராம சபையில் வைக்கும் படிவம் 30 வரவு செலவுக் கணக்கு, கிராம சபைத் தீர்மான நகல், வனவிலங்கு பயிர்ச்சேத நிவாரண விண்ணப்பம், ஹாக்காவில் (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) வரும் கிராமங்களின் பட்டியல், வரைவு வாக்காளர் பட்டியல் என்று சேர்ந்தது. மூன்று வருஷம் நன்றாக ஓடியது. அப்புறம் வாசகர் வட்டத்தில் ஆள் மாறினார்கள். "போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இடம் வேணும்" என்று அலமாரி பின்னறைக்குப் போனது, பூட்டு விழுந்தது. முடிவெடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன். உறுப்பினர் கையில் அதைக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்கு வேண்டப்பட்டவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு விளங்கியது: அலமாரி இருப்பதும் இல்லாததும் அந்த ஐந்தாறு பேர் கூடுகிற அறையில் முடிவாகிறது.

உங்கள் ஊரில் வாசகர் வட்டத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அரசுத் தாள் எதுவாவது நூலகத்தில் கிடைக்கிறதா? விவரமாக எழுதுங்கள்.

மன்னவனூர் பூண்டு

அண்ணே, மேல்மலைல இன்னும் மோசம். எங்களுக்குக் கொடைக்கானல் போகவே முப்பது கிலோமீட்டருக்கு மேல, திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ்னா அங்கருந்து இன்னும் நூறு. ஒரு மனு குடுக்க ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸைத் தவறவிட்டா ரெண்டு நாள்.

2006-ல அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தப்ப ஊராட்சிக்கு ஒண்ணுன்னு நூலகம் கட்டுனாங்கல்ல, எங்க பக்கம் ஒரு ஊர்ல அந்தக் கட்டடம் இன்னும் நிக்குது. உள்ள பழைய ஃபேன், உடைஞ்ச நாற்காலி, தேர்தல் சாமான். புத்தகம் எங்க போச்சுன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. அதுக்குக் குழுவே கிடையாது. கட்டடம் ஊராட்சியோடது, அதனால நூலகத் துறை எட்டிப் பார்க்கல. ஊராட்சிக்கு ரோடு, தண்ணி, லைட்டுக்கு அப்புறந்தான் இது. கேக்கறதுக்கு நாலு பேர் இருந்திருந்தா அந்தக் கதவு திறந்திருக்கும்.

அடுக்கு எண்

நான் இருபது வருடத்துக்கு மேல் நூலகத் துறையில் இருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கீழ்மலைக்காரன் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் நிலைமையும் தெரிய வேண்டும்.

வாசகர் வட்டத்துக்கு நிர்வாக அதிகாரம் கிடையாது. அது நூலகத்துக்குத் துணை. நூலகர் பதில் சொல்ல வேண்டியது மாவட்ட நூலக அலுவலருக்கு. இருப்புப் பதிவேட்டில் ஏறாத ஒரு தாள் அலமாரியில் இருந்தால், தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது "இது என்ன, எப்படி வந்தது" என்றுதான். இரண்டாவது, அரசாணை மாறிக்கொண்டே இருக்கும். பழைய ஆணையை நம்பி ஒருவர் மனுப் போட்டு, அது தள்ளுபடியானால், "லைப்ரரில இருந்துச்சே" என்று என்னிடம்தான் வருவார். மூன்றாவதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஊராட்சிக் கணக்கை மேசையில் வைத்த மறுநாள் ஒருவர் வந்து, "இதெல்லாம் இங்க எதுக்கும்மா, எடுத்து உள்ள வைங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். குரலை உயர்த்தவே மாட்டார். நான் தனி ஆள். ஒரே ஊழியர் இரண்டு நூலகத்தைப் பார்க்கிற ஊர்கள் இருக்கின்றன, ஊர்ப்புற நூலகர்களின் சம்பளம் உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு குழு நிற்குமா? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

மனு எழுதுபவர்

அடுக்கு எண் அம்மா கேட்டதற்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. நான் திண்டுக்கல்லில் வழக்கறிஞர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம், 2005. எல்லோரும் 6-வது பிரிவில் மனுப் போடுவதை மட்டும்தான் பேசுகிறோம். அதற்கு முன்னால் 4-வது பிரிவு. யாரும் கேட்காமலே ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் வெளியிட வேண்டிய 17 இனங்கள் 4(1)(ஆ)-வில் இருக்கின்றன. அதில் பதினைந்தாவதைப் படியுங்கள்: தகவல் பெறக் குடிமக்களுக்கு உள்ள வசதிகள், பொதுமக்களுக்கென நூலகமோ படிப்பகமோ நடத்தப்பட்டால் அது திறந்திருக்கும் நேரம் உட்பட, வெளியிட வேண்டும். தகவல் கிடைக்கிற இடங்களில் ஒன்று நூலகம் என்று சட்டமே பெயர் சொல்லுகிறது. அரசுத் தாள் நூலகத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

எட்டாவது இனம் இந்த இழைக்கே நேரானது. இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கொண்ட வாரியம், மன்றம், குழு எதுவானாலும் அதன் விவரம், அதன் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை வெளியிட வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழு சட்டத்தால் அமைக்கப்பட்ட அமைப்பு. ஆகவே அதன் கூட்டக் குறிப்பைக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. 4(2) இன்னும் ஒரு படி மேலே போகிறது: மக்கள் மனுப் போட வேண்டிய தேவையே குறைகிற அளவுக்குத் தாங்களாகவே தகவலைக் கொடுக்க வேண்டும். எந்த வழியில் என்பதற்கு 4(4)-இன் விளக்கத்தில் அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் என்று போய் "வேறு எந்த வழியிலும்" என்றும் சொல்லுகிறது. நூலக மேசை அந்த வேறு வழிக்குள் வரும்.

நடைமுறை விஷயம் இரண்டு. ஒன்று, தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு. வாசகர் வட்டத்தின் லெட்டர் பேடில் அமைப்பின் பெயரில் அனுப்பினால் திருப்பிவிட வழி உண்டு. யாராவது ஒருவர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இரண்டாவது, "ஏன் செய்யவில்லை" என்று கேள்வி கேட்காதீர்கள். "இந்தக் கோப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்று, நம் மாநிலம் மத்தியச் சட்டத்துக்கு எட்டு வருஷம் முன்பே, 1997-இலேயே தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நாம்தான் முதல்.

கணினி மலை

எல்லாருக்கும் வணக்கம். பண்ணைக்காடுதான் சொந்த ஊர், இப்போது கோயம்புத்தூரில் வேலை. எனக்கு ஒரு சந்தேகம். பட்டா, சிட்டா ஆன்லைனில் இருக்கிறது. அரசாணை இணையதளத்தில் இருக்கிறது. ஆர்டிஐ மனுவையே ஆன்லைனில் போடலாம். இந்தக் காலத்தில் தாளை ஸெராக்ஸ் எடுத்து அலமாரியில் வைக்க வேண்டுமா? நூலக வாசலில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டினால் எல்லா இணைப்பும் போனிலேயே வந்துவிடும். பூட்டும் சாவியும் பிரச்சினையே இல்லை. குழுவும் தேவையில்லை.

கீழ்மலைக்காரன்

தம்பி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒரே ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

அலமாரி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு பெரியவர் வந்தார். இரண்டு இரவாகக் காட்டுமாடு இறங்கி பீன்ஸ் முழுவதையும் மிதித்துப் போட்டிருந்தது. நிவாரணத்துக்கு எழுத வேண்டும். நூலகத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் போனில் தேடினான். சிக்னலுக்காக வாசலுக்குப் போனான், அப்புறம் பள்ளிக்கூட மேட்டுக்குப் போனான். இருபது நிமிஷம் கழித்து வந்தது ஒரு பிடிஎஃப். கோணலாக ஸ்கேன் செய்தது, ஆங்கிலம், ஆறு பக்கம். எழுத்தைத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது படம். நூலகர் அம்மா எழுந்துபோய் அலமாரியிலிருந்து தமிழ் விண்ணப்பத்தை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். முழுசாகப் படித்துக் காட்டினார். பெரியவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் அம்மா படிக்கிற வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டே வந்தார். "எத்தனை நாளைக்குள்ள குடுக்கணும், அத மட்டும் இன்னொருக்கா சொல்லும்மா" என்றார். அம்மா சொன்னதும் துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

க்யூஆர் கோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் ஒட்டுவோம். ஆனால் படித்துக் காட்ட ஓர் ஆள், விரல் வைக்க ஒரு தாள், உட்கார ஒரு பெஞ்சு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எங்கள் ஊரில் தகவல் கிடைத்தது என்று அர்த்தம்.

தேயிலைத் தூள்

கோத்தகிரியிலிருந்து. எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) சின்னதாக ஒரு படிப்பகம் இருக்கிறது, ஊரே நடத்துவது. அதன் குழுவில் ஐந்து பேரும் சிறு தேயிலை விவசாயிகள். தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச சராசரி விலை அறிவிக்கிறது. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதில் விவசாயிக்கு இவ்வளவு, தொழிற்சாலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து வருகிற விலை அது. அறிவிப்பு வந்த அன்றே படிப்பகப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவோம். மாவட்டத்துக்கு இவ்வளவு, நமக்குத் தொழிற்சாலை கொடுத்தது இவ்வளவு, பக்கத்தில் பக்கத்தில். எங்கள் பலகையில் வேறு எதுவும் இருக்காது.

நடுவில் ஒரு வருஷம் குழுவுக்குள் ஒருவர் வந்தார். அவருக்கு இலை வாங்குகிற இடத்தோடு தொடர்பு. பலகையை எடுக்கச் சொல்லவில்லை. "மாசம் ஒருதடவை எதுக்கு, மூணு மாசத்துக்கு ஒருதடவை சேர்த்து எழுதலாமே" என்று மட்டும் சொன்னார். கேட்க நியாயமாக இருந்ததால் ஒத்துக்கொண்டோம். மூன்று மாதம் கழித்துத் தெரிந்த விலையை வைத்து யாரும் எதுவும் கேட்க முடியவில்லை. இலை எப்போதோ அரைபட்டு விற்றும் ஆகிவிட்டது. மறுவருஷம் ஊர்க்கூட்டத்தில் பேசி மாதாந்தரக் கணக்கைத் திரும்பக் கொண்டுவந்தோம். தகவலை மறைக்க அதை எடுக்கவே வேண்டாம், தாமதப்படுத்தினால் போதும். இதைக் குழுவில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

வட்டவடைத் தமிழ்

உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் நாங்கள். கிளாவரையில் ஏறினால் எங்கள் ஊர் தெரியும். நாங்களும் தமிழ்தான், மாநிலம் மட்டும் கேரளம்.

இங்கே அமைப்பே வேறு. நூலகத்தை ஊர்க்காரர்களே தொடங்கி, உறுப்பினர் சேர்த்து, பொதுக்குழு கூட்டி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த நூலகங்கள் சேர்ந்து தாலுகா அளவில் ஒரு குழு, மாவட்டத்தில் ஒரு குழு, மாநில நூலகக் கவுன்சில் என்று மேலே போகிறது. 1989 சட்டம். அதற்கு முன்னால் 1945-இல் பி.என்.பணிக்கர் அம்பலப்புழையில் தொடங்கிவைத்த நூலகச் சங்கம். அங்கிருந்து வந்த வழி இது. உங்கள் சட்டம் மேலேயிருந்து வந்தது, பணமும் ஊழியரும் உறுதி. எங்களுடையது கீழேயிருந்து வந்தது, ஆள் பலம் உறுதி.

ஆனால் தேர்தல் என்றால் கட்சியும் வரும். குழு ஒரு கட்சி கையில் இருந்தால் மற்றக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை நூலகப் படி ஏறாத ஊரும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் சொல்கிறேன், ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்து நின்று "கணக்கைப் படியுங்கள்" என்று கேட்க எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. படித்தே ஆக வேண்டும்.

செவ்வந்தி

நான் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கேன், கீழ்மலைதான். இவ்வளவு நேரம் எழுதினவங்க யாரும் ஒண்ணு சொல்லல. உங்க வாசகர் வட்டத்துல எத்தனை பொம்பளைங்க இருக்காங்க? எங்க ஊர்ல ஒருத்தர்கூட இல்ல. கூட்டம் வைக்கிறது சாயங்காலம் ஆறரை மணிக்கு. அந்த நேரம் அடுப்படி வேலை. அதோட இருட்டுன பிறகு காட்டுமாடு நிக்கிற பாதையில பொம்பளை தனியா எப்படி வருவா?

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர்ல வந்துச்சில்ல. விண்ணப்பம் தள்ளுபடியானவங்க முப்பது நாளைக்குள்ள கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு பண்ணலாம்னு சொல்லியிருந்தாங்க. தகவல் வந்தது போன்ல மெசேஜா. போன் யார்கிட்ட இருக்கு? வீட்டுக்காரர்கிட்ட. அவர் தோட்டத்துல, டவர் இல்லாத இடத்துல. எங்க குழுவுல நாலு பேர் நாள் தவறினதுக்கப்புறம் எங்கிட்ட வந்து அழுதாங்க. அந்த முப்பது நாள் கணக்கை ஒரு அட்டையில எழுதி நூலக வாசல்ல வச்சிருந்தா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டுட்டு வர்றப்ப நாங்களே பார்த்திருப்போம். ஆனா அதை எழுதணும்னு அந்தக் குழுவுல யாருக்குத் தோணும்? அவங்க யாருக்கும் அது தேவைப்படலையே.

அண்ணே, நீங்க அலமாரியைத் திரும்பக் கொண்டுவாங்க. ஆனா கூட்டத்தைக் காலையில வைங்க.

கீழ்மலைக்காரன்

செவ்வந்தி, நீங்கள் சொன்னது என்னைத்தான். 2019-இல் தீர்மானம் போட்ட கூட்டத்தில் நாங்கள் ஒன்பது பேரும் ஆண்கள்தான். அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை. நேரத்தை மாற்றுவது முதல் வேலை.

காட்டுப்பாதை

பளியர் பழங்குடி மக்களோடு வேலை செய்கிறவன். சுருக்கமாக ஒன்று. வன உரிமைச் சட்டம் 2006-இல் கோட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. வன வரைபடம், வருவாய் வரைபடம், வாக்காளர் பட்டியல் இவற்றைக் கிராம சபைக்கோ வன உரிமைக் குழுவுக்கோ கொடுப்பது அதன் கடமை என்று விதியே சொல்லுகிறது. கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வாங்கின வரைபடம் எங்கே இருக்கிறது? குழுத் தலைவர் வீட்டுப் பரணில். அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் வரைபடமும் இல்லை. நான் போன ஒரு குடியில் வரைபடத்தை மழைக்கு ஒழுகின இடத்தில் வைத்து, பாதிப் பக்கம் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. எல்லைக்கோடு போகிற அதே இடம்.

நூலகத்தில் ஒரு நகல் இருக்கட்டும். மூலத்தை அந்த மக்களே வைத்திருக்கட்டும், அதை யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது. நகலைப் பார்க்க வருகிற பளியர் பெரியவரை "உறுப்பினர் அட்டை இருக்கா" என்று வாசலில் நிறுத்தாமல் இருக்க வேண்டும். அதற்கும் குழுதான் தீர்மானம் போட வேண்டும்.

கணினி மலை

எல்லாருடைய பதிவையும் படித்தேன். குழு தேவையில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தேடிப் பார்த்ததில் இரண்டு விஷயம். நம் நாடாளுமன்றத்துக்கே ஒரு நூலகக் குழு இருக்கிறது, மக்களவையிலிருந்து ஆறு பேர், மாநிலங்களவையிலிருந்து மூன்று பேர். சட்டம் இயற்றுகிறவர்களுக்கே தகவல் ஒழுங்காக வர ஒரு குழு வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு அரசு வெளியீடுகளை இலவசமாக அனுப்புகிறார்கள், வாங்குகிற நூலகம் அவற்றைப் பொதுமக்கள் யாருக்கும் காட்டியாக வேண்டும் என்பது நிபந்தனை. நம் நாட்டில் 1954 சட்டப்படி பதிப்பாளர்கள் நான்கு நூலகங்களுக்குப் பிரதி கொடுக்க வேண்டும், அதில் ஒன்று சென்னை கன்னிமாரா. அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று போட்டவை தவிர அரசு வெளியீட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் கன்னிமாராவில் இறங்குகிற பிரதி மலை ஏறுவதற்கு ஒரு வழியும் எழுதப்படவில்லை. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும் போலிருக்கிறது.

மாதம் ஒருநாள் நான் இங்கிருந்தே தேடி, பிரின்ட் எடுத்து, எந்த நாளில் எடுத்தது என்று மேலே எழுதி அனுப்புகிறேன். அடுக்கு எண் அம்மா சொன்ன பழைய ஆணைப் பிரச்சினைக்கு அது உதவுமா?

அடுக்கு எண்

உதவும் தம்பி. இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். "பார்வைக்கு மட்டும், நன்கொடை" என்று தனி நோட்டு போடுங்கள், தாள் வந்த தேதி, யார் கொடுத்தது, எந்தத் தேதி வரை செல்லும் என்று மூன்று பத்தி. புது ஆணை வந்தால் பழையதைக் கிழிக்காதீர்கள், குறுக்கே கோடு போட்டு அடியில் வையுங்கள். எந்த வருஷத்தில் எது செல்லுபடியாக இருந்தது என்று தேடியும் ஆட்கள் வருவார்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். துணிக் கட்டு, நடுவில் ஒரு துண்டு கற்பூரம். வெயில் அடிக்கிற நாளில் ஒருமுறை விரித்துப் போடுங்கள்.

தீர்மானத்தின் நகல் ஒன்று மாவட்ட நூலக அலுவலருக்குப் போகட்டும். அது கோப்பில் இருந்தால் யார் வந்து மெதுவாகச் சொன்னாலும் என்னைப் போன்றவர்கள் "குழுத் தீர்மானம் ஐயா" என்று சொல்லிவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான்.

மனு எழுதுபவர்

நூலக வரி பற்றி ஒன்று விட்டுவிட்டேன். உள்ளாட்சி வசூலித்த வரியை ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். பல ஊர்களில் வசூலாகிறது, செலுத்தாமல் பாக்கி நிற்கிறது. உங்கள் ஊராட்சி மூன்று வருஷத்தில் எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்று பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 2025 ஜனவரி 5-ஓடு நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தாரல்லவா, தேர்ந்தெடுத்தவர் இல்லாத அந்த மாதங்களின் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போது கேட்க ஆள் குறைவு, அதனாலேயே முக்கியம். வருகிற பதில்தான் உங்கள் அலமாரியின் முதல் தாளாக இருக்க வேண்டும்.

கீழ்மலைக்காரன்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். கூட்டம் ஞாயிறு காலை பத்தரைக்கு நடந்தது. 31 பேர் வந்தார்கள், அதில் 14 பெண்கள். செவ்வந்தி வட்டத்தின் துணைச் செயலாளர்.

தீர்மானத்தை அப்படியே இங்கே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: "அரசு அறிவிப்பு, பட்டியல், கணக்கு ஆகியவற்றின் நகல்கள் வந்த மூன்று நாளுக்குள் முன்னறை மேசையில் வைக்கப்படும். உறுப்பினர் அட்டை இல்லாதவர்களும் பார்க்கலாம், எழுதியெடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சனி, ஞாயிறு காலைகளில் வட்ட உறுப்பினர் ஒருவர் படித்துக் காட்டுவார். கடைசி நாள் உள்ள அறிவிப்பு எதுவானாலும் அந்த நாள் மட்டும் தனி அட்டையில் பெரிய எழுத்தில் வாசலில் எழுதப்படும். வட்டத்தின் தீர்மானப் புத்தகம் அதே மேசையில் இருக்கும். அலமாரியை இடம் மாற்றவோ மூடவோ இரண்டு வாரம் முன்னறிவித்துக் கூட்டிய பொதுக்கூட்டத்தில் மட்டுமே முடிவெடுக்கலாம்." நகல் மாவட்ட நூலக அலுவலருக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. ஒப்புகை அட்டை வந்துவிட்டது, அதையும் ஒட்டிவைத்தோம்.

அலமாரியைப் பின்னறையிலிருந்து தூக்கி வந்தபோது எதிர்த்துப் பேசினவர்களும் ஒரு பக்கம் பிடித்தார்கள். போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகளில் இருவர்தான் இப்போது அட்டை எழுதுகிறார்கள்.

நூலக வரி பற்றிய மனு என் பெயரில் போயிருக்கிறது. இன்றோடு 19 நாள்.

மன்னவனூர் பூண்டு

அண்ணே, அந்தத் தீர்மானத்தையும் மனு நகலையும் ஒரு கவர்ல போட்டு கொடைக்கானல் பஸ்ல குடுத்துவிடுங்க. ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கறேன். எங்க ஊர் கட்டடத்தோட சாவி யார்கிட்ட இருக்குன்னு நேத்துதான் கண்டுபிடிச்சோம். ஞாயித்துக்கிழமை திறந்து கூட்டப் போறோம்.

கீழ்மலைக்காரன்

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ். கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், உறையின் மேல் உங்கள் ஊர்ப் பெயர் சிவப்பு மையில் இருக்கும். படிவம் 30-இன் மாதிரி ஒன்றும், கற்பூரம் ஒரு டப்பாவும் சேர்த்து வைக்கிறேன்.